பதம் வந்த சீத்தாப்பழம்

"அதத் தொடாத!"

ராஜமேரி போட்ட சத்தத்தில் சவப்பெட்டிக்கு ஆணி பொறுக்கிக்கொண்டிருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார். பக்கத்து வீட்டு நஞ்சம்மாள் கையில் பித்தளைத் தட்டு. அதில் இரண்டு கொய்யா, ஒரு சீத்தாப்பழம், தலை கவிழ்ந்த செவந்தி.

"ஈ மொய்க்குதுக்கா. சாவு வூட்டுல இது எதுக்கு? கொட்டிட்டு வரேன்."

"அவரு வெக்கச் சொன்ன எடத்துலயே வெச்சுடு நஞ்சம்மா."

ஒருதரம் கொட்டித்தானே ராஜமேரி பாவத்தைக் கட்டிக்கொண்டாள்? அவள் புருசன் சவரிராயன், நாற்பத்தெட்டாம் வருசம் சேர்ந்து இருபது வருசம் பொம்மிடிப் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். நெஞ்சுச் சளி முற்றிப் படுத்த பிறகும் மனுசன் சும்மா கிடக்கவில்லை. கட்டிலுக்கு எதிரே மேசை போட்டுப் பழமும் பூவும் அடுக்கச் சொன்னார். கொய்யாக்கள் ஒட்டிக்கொண்டு, சீத்தாப்பழம் மட்டும் தள்ளி, தட்டின் விளிம்பில்.

"விழற மாதிரி ஒண்ணு இருந்தாத்தான் மேரி, கண்ணு அங்க நிக்கும்."

மற்றதையெல்லாம் வரைந்துவிட்டு அதற்கு மட்டும் காகிதத்தில் வெள்ளையாக இடம் விட்டிருந்தார். "அது கறுத்து வெடிக்கட்டும். பூவும் பழமும் அழுகலும் ஒரே படத்துல வரணும். அதான் ஆயுசு."

ஆறாம் நாள் பழம் கறுக்கத் தொடங்கியது. அன்றைக்கென்று பார்த்து, சாகக்கிடப்பவருக்கு எண்ணெய் தொட்டு அவஸ்தை பூச வருவதாகப் பங்குச் சாமியார் சொல்லியனுப்பினார். பாடுபட்ட சிலுவைச் சுரூபமும் மெழுகுவத்தியும் வைக்க வீட்டில் அந்த ஒரு மேசைதான். நற்கருணை வருகிற இடத்தில் அழுகல் இருக்கலாமா? வாரிக் கொட்டிவிட்டாள். சாமியார் போனபின், சித்தேரி பஸ்சில் இறங்கிய கூடைக்காரியிடம் புதுசு வாங்கி அதே மாதிரி அடுக்கியும் வைத்தாள். பெரிய கெட்டிக்காரி!

சவரிராயன் திட்டவில்லை. அந்தப் பச்சைப் பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"திரும்ப முதல்லருந்தா? எனக்கு அத்தன நாளு இல்லியே மேரி."

அதிலிருந்து ஐந்தாம் நாள், நேற்று, உயிர் போய்விட்டது.

கோயில் உபதேசியார் பெட்டி மூடியைத் தூக்கினார். "முகம் பாக்கறவங்க பாத்துக்குங்க. மூடப் போறோம்."

ராஜமேரிக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது, தன்மேலேயே. மேசைப் பக்கம் போனாள். ராத்திரிக்குள் சீத்தாப்பழம் நன்றாகக் கறுத்து, ஒரு பக்கம் வாய் பிளந்திருந்தது. வெள்ளைச் சதைக்குள் ஒரு கொட்டை தெரிந்தது.

தட்டை அலுங்காமல் இரண்டு கையாலும் ஏந்திவந்து பெட்டியருகே மண்டியிட்டாள்.

"அக்கா, என்னா பண்றீங்க?" என்றாள் நஞ்சம்மாள்.

ராஜமேரி அவர் முகத்துக்கு நேரே தட்டைத் தாழ்த்திப் பிடித்தாள்.

"இன்னிக்குத்தாங்க பதம் வந்திருக்கு. பாருங்க."

உபதேசியார் மூடியைப் பிடித்தபடியே நின்றார்.