கொசு வாங்கிய தகட்டுக் கிட்டார்

கல்லூரி இசைக்குழுவில் அவனுக்குக் கொசு என்று பெயர். டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்து முழங்கும்போது அவன் கிட்டார் சத்தம் காதருகே வந்தால்தான் தெரியும் என்பதால் வந்த பெயர். ஆண்டு விழாவில் தனியாக ஒரு பாட்டு வாசித்துவிட்டால் பெயர் ஒழிந்துவிடும் என்று நம்பினான். அதற்குச் சத்தம் வேண்டும். ரெசனேட்டர் கிட்டாரில் அது இருந்தது: வயிற்றுக்குள் உலோகக் கூம்பு, மேலே ஓட்டை போட்ட தகடு, மைக் இல்லாமலே ஊரைக் கூட்டும்.

பழையது ஒன்று மலிவாக விலைக்கு வந்திருக்கிறது என்று தெரிந்ததும் டிரம்மரைக் கூட்டிக்கொண்டு கிளம்பினான். விடுதியில் யார் பழைய சாமான் வாங்கப் போனாலும் டிரம்மர் உடன் போவான். குறை சொல்வது அவன் பொறுப்பு. பைக்கோ கட்டிலோ, பார்த்த மாத்திரத்தில் உச்சுக்கொட்டியே விலையை இறக்கிவிடுவான். கூலி, ஒரு வேளைச் சாப்பாடு.

விற்பவர் பட்டறையில் கொதிகலனுக்கு ரிவெட் ஆணி அடித்து அடித்து இரண்டு காதையும் தொலைத்தவர். உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடிப்பார். கிட்டாரை நன்றாகத் துடைத்து மடியில் வைத்திருந்தார். மனைவி பக்கத்தில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

“வாசிச்சுப் பாத்து, எப்படி இருக்குன்னு சொல்லு தம்பி. எனக்குத்தான் கேக்காதே.”

கொசு ஒருமுறை மீட்டினான். அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுத்தன. அவனுக்குச் சந்தோஷத்தில் கண்ணில் நீர் முட்டியது. டிரம்மர் அவன் காலை மிதித்தான்.

“என்னண்ணே இது?” என்றான் டிரம்மர், உதடு நன்றாகத் தெரியும்படி. “தகர டப்பாவுல எலி மாட்டின மாதிரி இருக்கு. இதையா இத்தனை வருஷம் வாசிச்சீங்க? அக்கம்பக்கத்துல யாரும் போலீசுக்குப் போகலையா?”

அவர் கொசுவைப் பார்த்தார். “நீ சொல்லு தம்பி.”

கொசு விலையை நினைத்தான். “ஆமாண்ணே. சகிக்கல.”

அவர் மெல்ல மனைவி பக்கம் திரும்பினார். “நீ தினம் நல்லா இருக்குன்னு சொல்லுவியே?”

அவள் உரிப்பதை நிறுத்தவில்லை. “ஆசையா வாசிச்சீங்க. வேற என்னத்த சொல்றது?”

அவர் கொசு கையிலிருந்த கிட்டாரை ஒருமுறை தடவினார். பிறகு அதை அவன் பக்கமே தள்ளினார். “கேட்ட விலைல பாதி குடு, போதும்.”

“பொண்டாட்டியே நம்ம பக்கம் சாட்சி சொல்லிருச்சு மச்சான்!” என்றான் டிரம்மர் வெளியே வந்ததும். “இன்னைக்கு ரெண்டு வேளைச் சாப்பாடு.” தெருமுனை வரை இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மறுநாள் ஒத்திகை. முதன்முறையாகக் கொசு வாசித்தது அத்தனை பேருக்கும் கேட்டது. சுருதி ஒரு பக்கம் போனது, தாளம் ஒரு பக்கம் போனது, பாட்டு நடுத்தெருவில் நின்றது. கீபோர்டுக்காரி வாசிப்பதை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தாள்.

“இத்தனை நாளும் இப்படித்தான் வாசிச்சியாடா?” என்றான் பாடகன், நிஜமான அக்கறையோடு.

“அதே கைதானே.”

“ஐயோ! கேக்காம இருந்தப்ப எவ்வளவு நல்லா வாசிச்ச!”

கொசு டிரம்மரைப் பார்த்தான். குறை சொல்ல அவனைவிட ஆள் ஏது? தகர டப்பா, எலி, போலீஸ் எல்லாம் அவன் வாயிலிருந்து வரிசையாக வந்தன. இந்த முறை கூலிகூடக் கேட்கவில்லை. ஆண்டு விழாவில் நாற்காலி எடுத்துப் போடும் வேலையைக் கொசுவுக்குக் கொடுத்தார்கள்.

கிட்டாரைத் தூக்கிக்கொண்டு அதே வீட்டுக்குப் போனான். “அண்ணே, இதுல ஏதோ கோளாறு. திருப்பி எடுத்துக்குங்க.”

“எங்க, வாசி. என்ன கோளாறுன்னு பாத்துருவோம்.”

கொசு முழுப் பாட்டையும் வாசித்தான். அவர் கண் மனைவி முகத்தைவிட்டு நகரவில்லை.

“நீங்களே சொல்லுங்கக்கா,” என்றான் கொசு, வியர்வையைத் துடைத்தபடி. “கிட்டார்லதானே கோளாறு?”

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மறுபடி பட்டாணியைக் கையில் எடுத்தாள்.

“நல்லா இருக்கு தம்பி.”

அவள் உதட்டைப் படித்ததும் அவருக்கு முகமெல்லாம் பல். எழுந்து போய்க் கதவை அவரே அகலத் திறந்துவிட்டார்.

“அப்பறம் என்ன? எடுத்துட்டுப் போ!”