மிதி இல்லாத மேசை

தையல்காரிக்கு உறவென்று இருப்பது ஒரு தம்பிதான். அவனும் பேச்சை நிறுத்தி வருஷக் கணக்காகிறது. அம்மா படுக்கையில் கிடந்த கடைசி நாட்களில், தலைக்கு மேல் வேலை கிடக்கிறது என்று இவள் ஒரு நர்ஸை அமர்த்தினாள். அம்மா போன அன்று தம்பி எல்லார் முன்னாலும் கேட்டான்: "பெத்தவளப் பாக்கக்கூட ஆள் வெச்சவ நீ. உன் கையால என்ன செஞ்ச?" அதற்குப் பிறகு அவன் போனை எடுப்பதில்லை. ரோஷக்காரன். அக்காவும் லேசுப்பட்டவள் இல்லை.

அப்பாவின் கைக்கடிகாரம் இவளிடம் இருந்தது. அதன் பின்மூடியில் 'தம்பிக்கு' என்று வெட்டி அவனுக்கு அனுப்ப ஆசைப்பட்டாள். எழுத்து வெட்டும் கடைக்காரர் சொன்ன கூலி கட்டுப்படியாகாது என்பது பாதிக் காரணம். கடையில் கொடுத்தால் அதுவும் ஆள் வைத்ததாகிவிடுமே என்பதுதான் மீதி.

ஆகவே தானே பழகுவதென்று இறங்கினாள். போனில் வீடியோ பார்த்தாள். அதில் வந்தவன் பரப்பி வைத்திருந்த சாமான்களைப் பார்த்ததும் தலை சுற்றியது. அவனைத் தூக்கிக் கடாசிவிட்டு, ஒரு கான்கிரீட் ஆணியைச் சாணைக்கல்லில் சரிவாகத் தீட்டி, உடைந்த இழுப்பறையின் குமிழில் செருகினாள். உளி தயார். தோல் துண்டுகளைத் தைத்து மணல் நிரப்பி, தகட்டை வைத்துத் திருப்ப ஒரு மெத்தை செய்தாள். பழகிப் பார்க்கப் பழைய இரும்புக் கடையில் செம்புத் தகடு கிடைத்தது.

முதலில் உளியைப் பேனா மாதிரி ஓட்டினாள். அது தகட்டை விட்டுக் கட்டைவிரலைக் குத்தியது. பிறகுதான் புத்தி வந்தது: தைக்கும்போது துணியைத்தானே திருப்புகிறோம்? உளியை அசையாமல் பிடித்துத் தகட்டைத் திருப்பினாள். வளைவு வந்தது.

சிறுவயதில் தையல் பழகியது ஞாபகம் வந்தது. பயந்துவிட்டால் மிஷினை நிறுத்தத் தெரியாது, இன்னும் அழுத்தி மிதிப்பாள். துணி பிடிக்க உட்கார்ந்த தம்பி, "மிதிக்காதக்கா!" என்று அலறுவான். ஒருமுறை அவன் சட்டைக் கையையும் சேர்த்துத் தைத்துவிட்டாள்.

'ப' ஒன்றுதான் நேர்க்கோடுகளோடு நிற்கும் புண்ணியவான். மற்றதெல்லாம் சுழித்துச் சுழித்து உயிரை வாங்கின. ஒருநாள் எல்லாம் கூடி வந்தது. காட்டுவதற்கு வீட்டில் ஆள் இல்லை. தகட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, "பரவாயில்லயே," என்று தானே சொல்லிக்கொண்டாள். அந்தக் குரலைக் கேட்டதும் அழுகை வந்துவிட்டது.

பித்தளை மூடியைக் கழற்றி, அரக்கை உருக்கி மரக்கட்டையில் ஒட்டினாள். முதல் நான்கு எழுத்தும் அச்சாக வந்தன. கடைசிக் 'கு'வின் வாலில் பயம் பிடித்துக்கொண்டது. மூச்சைப் பிடித்தாள். மேசைக்கடியில், மிதியே இல்லாத இடத்தில், அவள் கால் ஓங்கி மிதித்தது. உடம்பு முன்னால் போக, உளி வழுக்கி மூடியின் விளிம்பு வரை ஒரு கோட்டை இழுத்துவிட்டது.

தேய்த்துப் பார்த்தாள், போகவில்லை. வேறு மூடிக்கு எங்கே போவது? காலைத் திட்டித் தீர்த்துவிட்டு, அப்படியே அனுப்பினாள்.

அதன்பின் போன் அடித்தபோதெல்லாம் ஓடினாள். துணி கொடுத்தவர்கள்தான், "ரெடியா?" என்று கேட்டார்கள். ஒரு மதியம் தம்பியின் எண் வந்தது. எடுத்தாள்.

"மிதிச்சிட்டியாக்கா?" என்றான்.

"ஆமாடா," என்றாள்.