வாசலில் விட்ட ஷூ

"கெட்டது பண்றதுக்கு முன்னாடியே பிடிச்சிட்டா அவன் கெட்டவன் இல்லையேம்மா. அப்புறம் எதுக்குப் பிடிக்கிறே?"

ஆறு வயதில் மகள் கேட்டது. ஊட்டிக்கொண்டிருந்த அம்மா, "வாயை மூடிக்கிட்டுச் சாப்பிடு" என்றார். வாயை மூடிக்கிட்டு எப்படிம்மா சாப்பிடறது என்று அடுத்த கேள்வி வந்தது.

மகள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். கேள்வி மட்டும் அம்மாவை விட்டுப் போகவில்லை. அவர் போலீஸ் அதிகாரி. குண்டு வெடித்த பிறகு ஓடும் பிரிவு அல்ல, வெடிக்காமல் பார்த்துக்கொள்ளும் பிரிவு.

அன்று மத்தியானம் ஒரு மாடி அறையில், தையல்காரப் பெண்ணின் எதிரே, ஜாக்கெட் துணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலையில் அவள்தான் ஃபோன் செய்திருந்தாள்.

"தம்பி யாரோ ஒரு 'அண்ணன்' பேச்சையே கேட்டுக்கிட்டு இருக்கான் மேடம். நேத்து திடீர்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டு, மன்னிச்சிடுக்கான்னான். எதுக்குன்னு சொல்லல."

அந்த 'அண்ணன்' யார் என்று பிரிவுக்குத் தெரியும். ஒரு பை இன்று கைமாறப்போகிறது என்பதும் தெரியும். எங்கே என்பதுதான் தெரியாது. பையனை அடித்து இழுத்துப் போனால் வாயைத் திறக்க மாட்டான். பை வேறொரு கைக்குப் போய்விடும். விட்டுவிட்டால் அவன் கையிலேயே வெடிக்கும்.

படியில் காலடி கேட்டது. வாசலில் நின்றது. ஏதோ உரசும் சத்தம். பிறகு தம்பி உள்ளே வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"யாருக்கா இவங்க?"

"ஜாக்கெட் தைக்க வந்திருக்காங்கடா."

"ஜாக்கெட் தைக்க வர்றவங்க ஷூவுக்குள்ள போலீஸ் ஸ்டோர் முத்திரை எப்படி வந்துச்சு?"

அதிகாரி தன் வெறுங்காலைப் பார்த்தார். புடவை, தோள்பை, கம்மல் எல்லாம் பார்த்துப் பார்த்து மாற்றியவர், காலை மறந்துவிட்டார். கட்டைவிரல் ஃபோனுக்குப் போனது. ஒரு மிஸ்டு கால் போதும். இரண்டு தெரு தள்ளி வேனில் இருக்கும் நாலு பேரும் மாடியேறிவிடுவார்கள்.

அப்போதுதான் வாசலைப் பார்த்தார். வெளிப்படியில் தூறலில் விட்டுவந்த ஷூ இரண்டும் நிலைக்கு உள்ளே, தண்ணீர் வடியும்படி சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன.

கடவுளே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு ஃபோனைத் தையல் மெஷின் மேல் கவிழ்த்து வைத்தார்.

"நீயா உள்ள எடுத்து வச்சே?"

"நனைஞ்சுக்கிட்டு இருந்துச்சு."

"யாரோடதுன்னு தெரியாமலே?"

"யாரோடதா இருந்தா என்ன? ஊறிப்போச்சுன்னா நாளைக்கு எப்படிப் போடுவாங்க?"

"அந்தப் பையை வைக்கப்போற இடத்துல நிக்கிறவங்களும் நாளைக்கு ஷூ போடணும்ப்பா."

அவன் கதவைப் பார்த்தான். திறந்துதான் இருந்தது. தடுக்க யாரும் எழவில்லை.

"நான்தான்டா கூப்பிட்டேன்," என்றாள் அக்கா. "திட்டறதா இருந்தா என்னைத் திட்டு. ஆனா போகாதே."

அவன் சட்டைப்பையில் ஃபோன் அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. அவன் எடுக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"பஸ் ஸ்டாண்டு பின்னாடி சைக்கிள் கடை," என்றான். "உள்ள என்ன இருக்குன்னு நான் கேக்கல."

"ஆனா தெரியும்," என்றார் அதிகாரி.

"தெரியும்" என்றான்.

சைக்கிள் கடையில் பை சிக்கியது, 'அண்ணனும்' சிக்கினார். வேன் டிரைவர் ஓயாமல் பேசுவதால் அவருக்கு வானொலி என்று பெயர். அவர் ஒரு வாரம் இதையே ஒலிபரப்பினார்: "கதவைத் திறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருந்தீங்களாமே மேடம்? ஓடியிருந்தான்னா நம்ம எல்லார் வேலைக்கும் சங்குதான்."

அவனாகவே சொன்னான் என்று அதிகாரி கோர்ட்டில் சாட்சி சொன்னார். வாரம் ஒருமுறை பிரிவின் ஆலோசகரிடம் வந்து பேச வேண்டும் என்பதோடு கோர்ட் விட்டது. அவனும் தவறாமல் வந்தான்.

அப்படி ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டது. பிரிவு அலுவலகக் கூடத்தில் யாரும் இல்லை. ஆலோசகர் அறைக் கதவு சாத்தியிருந்தது. வெளிப்படியில் தேய்ந்துபோன ஒரு ஜோடி செருப்பு நனைந்துகொண்டிருந்தது.

அதிகாரி குனிந்து எடுத்தார். தண்ணீரை உதறினார். உள்ளே சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்தபடி தன் இடத்துக்குப் போனார்.