மைத்துனரின் அரை மீசை

சலூன்காரருக்குச் சர்க்கரை நோய் வந்து பன்னிரண்டு வருடம். மாத்திரையை மறந்தாலும் மறப்பார், மிட்டாயை மறக்கமாட்டார். பெண்டாட்டி கண்ணில் படாமலிருக்கக் கடைப் பவுடர் டப்பாவுக்குள் பதுக்கி வைத்து, ஊதிவிட்டு வாயில் போட்டுக்கொள்வார்.

ஐம்பது முடிவதற்குள் பார்வையில் புகை படிந்தது. டியூப்லைட்டை மாற்றினார், மூக்குக்கண்ணாடியை மாற்றினார், கடைசியில் சோப்பு நுரைமேல் பழி போட்டார். "இப்பல்லாம் நுரையே சரியில்ல. முகத்தையே மறைக்குது."

அந்த நுரைக்குள்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியின் தம்பி மாட்டினார். கத்தி ஒரே இழுப்பு. இருபது வருடம் எண்ணெய் தடவி வளர்த்த மீசையில் இடப்பக்கம் துண்டில் கிடந்தது.

"மச்சான்! என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

"காத்தோட்டமா இருக்கட்டுமேன்னு..."

மிச்சத்தை எடுக்க மைத்துனர் விடவில்லை. அரை மீசையோடு அவரைக் கண் டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனார். அங்கே காத்திருந்தவர்கள் மைத்துனரைத்தான் நோயாளி என்று நினைத்து, பாவம், வழிவிட்டார்கள்.

டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்தார். "ரெண்டு கண்ணுலயும் புரை."

"அது கிழவங்களுக்கு வர்றதாச்சே?"

"சுகர் இருந்தா சீக்கிரமே வந்துடும். ரத்தத்துல ஏறுற சர்க்கரை கண்ணு லென்ஸுக்குள்ளயும் போகுது. அங்க வேற மாதிரி மாறி, வெளிய வர வழியில்லாம, தண்ணிய உள்ள இழுத்து வச்சுக்குது. லென்ஸ் ஊதிப்போய், பளிங்கா இருந்தது கலங்கிடுது. இனிப்பு சாப்பிடுவீங்களோ?"

"சேச்சே, தொடவே மாட்டேன்!"

அவர் உதட்டோரம் வெள்ளையாகப் பவுடர் ஒட்டியிருந்ததை மைத்துனர் அப்போதுதான் கவனித்தார். அன்று மாலையே டப்பா அக்கா கைக்குப் போய்ச் சேர்ந்தது. அக்கா பேசியதை எழுத முடியாது.

சர்க்கரை கட்டுக்குள் வந்தால்தான் ஆபரேஷன் என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார். மூன்று மாதம் சலூன்காரர் வாயைக் கட்டினார்; காலையில் முனகிக்கொண்டே நடந்தார். ஊருக்கெல்லாம் கத்தி வைத்தவர், தன் கண்ணில் கத்தி என்றதும் மைத்துனர் கையை விடவே இல்லை. ஆனாலும் கால் மணி நேரத்தில் வலது கண்ணில் புது லென்ஸ் உட்கார்ந்துவிட்டது.

சில வாரம் கழித்துக் கடையைத் திறந்தவர் திகைத்துப்போனார். கண்ணாடி முழுக்கப் புள்ளி. மூலையில் முடிக் குவியல். துண்டெல்லாம் மஞ்சள்.

"இவ்வளவு அழுக்கா கெடக்கே! ஒருத்தராவது சொல்லக்கூடாதா?"

முதல் ஆளாக வந்து நாற்காலியில் உட்கார்ந்த பஸ் டிரைவர் தயங்கினார். "எப்படிண்ணே சொல்றது? நீங்க எங்க கழுத்துல கத்திய வச்சுக்கிட்டு நிக்கும்போது?"

சலூன்காரர் ஈரத்துணி தேடிப் போனார்.