அச்சில் கசிந்த துளி

1938, ஆனிச் சாரல் தென்காசியை நனைத்துக்கொண்டிருந்தது. முதலாளி சங்கரபாண்டியின் வார்ப்புப் பட்டறையில் அலுமினியம் உருகித் தயாராக இருந்தது. அச்சுகளைக் கடைந்து பொருத்தும் பிட்டர் சொரிமுத்துவோ அச்சையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பஞ்சாலைச் சக்கரம் வார்க்கும் இரும்பு அச்சு அது. சீக்கிரம் ஆறட்டும் என்று அதனுள் தண்ணீர் ஓடத் துளை போட்டவன் அவன்தான். உலோகம் படும் முகத்திலிருந்து இரண்டு விரற்கடை தள்ளிப் போகவேண்டிய துளை, அவசரத்தில் கோணி முகத்தை ஒட்டிப் போய்விட்டது. போதாததற்கு முதலாளி, அருவியிலிருந்து வரும் கால்வாய்த் தண்ணீரை அப்படியே அதில் விட்டார். "ஊரே குளிக்க ஓடி வருத குத்தாலத் தண்ணிலே! இரும்புக்கு மட்டும் கசக்குமா?" என்று பெருமை வேறு. நெருப்பும் குளிரும் மாறி மாறித் தாக்கினால் இரும்புதான் என்ன செய்யும்? மெலிந்த இடத்தில் மயிரிழையாக விரிசல் விட்டது.

நேற்றே அதைப் பார்த்த சொரிமுத்து வாயைத் திறக்கவில்லை. இரும்புத்தூள் பசையைத் தேய்த்து மறைத்தான். உலையில் ஓட்டை என்று சொன்ன உலைக்காரன் மாடனைப் போன மாதம் முதலாளி அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பியிருந்தார். சொரிமுத்துவுக்கு மூன்று பிள்ளைகள்.

கிதிர் முகம்மது கொதிக்கும் உலோகத்தைக் கரண்டியில் ஏந்தி வந்தான். பத்து வருஷமாக அவனும் சொரிமுத்துவும் ஒரே தூக்குச்சட்டியில் கஞ்சி குடிப்பவர்கள். "தள்ளி நில்லு மாப்ளே" என்றான்.

அச்சின் வாய்க்குள் ஒரு துளி மினுங்கியது.

"ஊத்தாத! உள்ள தண்ணி கசியுது, வெடிச்சிரும்!" என்று கத்தினான் சொரிமுத்து.

கரண்டி அப்படியே நின்றது. சத்தம் கேட்டு முதலாளி வந்தார். சொரிமுத்து சொன்னான்: "தொள கோணுனது எங்கையாலதான், மொதலாளி. நேத்தே வெடிப்பப் பாத்தேன். மாடன் நெனப்பு வந்துது, மூடிட்டேன்."

அச்சைத் திறந்து துளியைத் தொட்டுப் பார்த்த சங்கரபாண்டி, கிதிரின் முகத்தைப் பார்த்தார். அப்படியே மணல் மூட்டையில் உட்கார்ந்துவிட்டார்.

"மாடன நான் வெரட்டுனேன், அதனால நீ மறச்ச. நடுவுல இவன் உயிருல்லாலே போயிருக்கும்! தப்பச் சொன்னவன வெரட்டுத எடத்துல தப்பு போவாது, ஒளிஞ்சிக்கிடும். போய் மாடனக் கூட்டிட்டு வா."

சொரிமுத்து மாடன் வீட்டுக்கு ஓடினான். அடுத்த அச்சில் துளைகள் ஒரே அளவாகத் தள்ளிப் போயின. தண்ணீரும் தொட்டியில் கிடந்து குளிர் தணிந்த பிறகே உள்ளே போயிற்று. அந்த அச்சு வருஷக்கணக்கில் உழைத்தது.

அச்சு கசிந்த அன்று மத்தியானம் கஞ்சியை நீட்டியபடி கிதிர் சொன்னான்: "வேல போனா வேற வேல பாத்துக்கிடலாம் மாப்ளே. நான் போயிருந்தா இன்னிக்கு யாருகூடக் கஞ்சி குடிச்சிருப்பே?"