முன்பின் மாறிய ஒலி

பார்வையற்றோருக்காகப் புத்தகங்களை ஒலிப்பதிவு செய்யும் நிறுவனம் அது. பதிவறை மச்சானின் பொறுப்பு. பதிவைக் கோப்பாக்கும் புதுப் புரோகிராமை எழுதியவன் அவருடைய தங்கை புருஷன். அவனை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டதும் மச்சான்தான்.

நூலகத்திலிருந்து புகார் வந்தது. புது நாவலைப் போட்டால் குரலே இல்லை, ஒரே இரைச்சல்.

"இங்க போட்டா நல்லாத்தானே பாடுது?" என்றார் மச்சான்.

"பின்னே? என் புரோகிராம்ல தப்பே வராது. காப்பி முடியறதுக்குள்ள நீங்க பென் டிரைவைப் பிடுங்கியிருப்பீங்க. பந்தியில இலையை இழுக்கிற மாதிரி எல்லாத்துலயும் அவசரம்!"

அலுவலகமே சிரித்தது. மச்சானும் அசட்டுச் சிரிப்புச் சிரித்துவிட்டு மறுபடி பென் டிரைவில் காப்பி எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனார். அதுவும் இரைச்சல். நூலகர் கொடுத்த திட்டை வாங்கிக்கொண்டு திரும்பினார். மேலாளர், "நீங்களும் கூடப் போய்ப் பாருங்க" என்று அவனையும் அனுப்பினார்.

நூலகக் கணினியில் கோப்பைத் திறந்ததுமே அவனுக்குத் தப்பு எங்கே என்று புரிந்துவிட்டது. ஒலியின் ஒவ்வொரு துளியும் ஓர் எண். அதைக் கணினி இரண்டு துண்டாக, அதாவது இரண்டு பைட்டாக, எழுதி வைக்கும். பதிவறையின் பழைய கணினி பெரிய மதிப்புள்ள பைட்டை முதலில் எழுதும், இந்தக் கணினியோ சின்னதை முதலில் படிக்கும். பன்னிரண்டை இருபத்தொன்று என்று வாசிக்கிற கதைதான். எந்தக் கணினியானாலும் இந்த வரிசையில்தான் எழுத வேண்டும் என்று புரோகிராமில் இரண்டு வரி சேர்த்திருந்தால் போதும். எல்லாக் கணினியும் ஒன்றுதானே என்று நினைவகத்தில் இருந்ததை அப்படியே கொட்டிவிட்டிருந்தான்.

பைட்டுகளை இடம் மாற்றினான். குரல் கணீரென்று ஒலித்தது.

"பாத்தீங்களா சார்? எங்க மாப்ளைன்னா சும்மாவா!" மச்சானுக்கு வாயெல்லாம் பல்.

அந்தப் பெருமை அவனைச் செருப்பால் அடித்தது போலிருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

"மச்சான்... நீங்க ஒண்ணும் பண்ணல. தப்பு என் புரோகிராம்லதான்."

மச்சானின் சிரிப்பு மெல்ல அடங்கியது. பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஆபீஸ்ல சொல்லுங்க மாப்ளே. அங்கதானே எல்லார் முன்னாடியும் பேசினீங்க."

திரும்பும்போது பேருந்தில் அவன் பக்கத்து இருக்கை காலியாகவே கிடந்தது. மச்சான் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தார்.

அலுவலகத்தில் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னான். "சரி, விடுங்க, வேலை முடிஞ்சுதுல்ல" என்றார் மேலாளர். அன்று சிரித்தவர்களுக்கு எதற்காகச் சிரித்தோம் என்பதே மறந்துபோயிருந்தது.

மச்சானிடம் இன்னும் ஏதாவது சொல்ல வேண்டும் என்று பதிவறைப் பக்கம் போனான். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. பதிவு நடக்கிறது, உள்ளே போகக் கூடாது. முகம் இன்னும் எரிய, விளக்கு அணையட்டும் என்று சுவரோரமாக நின்றான்.