ஒற்றைக் காலில் முப்பது

...குடித்திருக்கிறேனாம், நான், மத்தியானம் இரண்டேகால் மணிக்கு! மூன்று மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் பதினோரு பிள்ளைகளை ஏற்ற வேண்டிய வேன், லைசென்ஸில் ஒரு கீறல் விழுந்தால் வேனும் போச்சு, பிழைப்பும் போச்சு. வண்டி ரோட்டின் நடுக்கோட்டைத் தாண்டியது நிஜம்தான், ஆனால் மூலை வீட்டில் சாமான் இறக்கினார்களே, கல்யாணமே ஆகவில்லை என்றவள் வீட்டில் தொட்டில் இறங்கினால் எந்தக் கழுத்துதான் திரும்பாது? இதை வண்டியை நிறுத்திய போலீஸ்காரியிடம் சொல்ல முடியுமா... "தலைய ஆட்டாம பேனாவ மட்டும் கண்ணால பாருங்கக்கா" என்று முகத்துக்கு நேரே பேனாவை இப்படியும் அப்படியும் நகர்த்துகிறாள், போதை சோதனையாம். அடி பெண்ணே, தலையைத் திருப்பாமலே எதிர்வீட்டு மாடிவரை பார்த்துப் பழகிய கண் இது, உன் பேனா எம்மாத்திரம்! அடுத்தது நடை, குதிகால் விரலை முட்ட ஒன்பது அடி, வாய்விட்டு எண்ணி, திரும்பி, மறுபடி ஒன்பது. மருந்துக்கடைக்காரி வாசலுக்கே வந்து போனைத் தூக்கிப் பிடிக்கிறாள், எடுடி, நல்லா எடு... எட்டு, ஒன்பது! தண்டவாளம்கூட இவ்வளவு நேராகப் போகாது.

"முட்டி, முதுகு ஏதாச்சும் தொந்தரவு இருக்காக்கா? இருந்தா ஒத்தக்கால் வேணாம்." எனக்கா? ஒரு காலைத் தூக்கினேன், கை உடம்போடு ஒட்டியபடி, முப்பது எண்ண வேண்டும். பதினேழு, பதினெட்டு... இதே இடத்தில்தானே போன மாதம் இதே சோதனையில் தையல்கார அண்ணன் பதினெட்டில் காலை ஊன்றிவிட்டார், பத்தொன்பது, பிள்ளைகளுக்கு நேரமாகிவிட்டதென்று மீதியைப் பார்க்காமல் கிளம்பினேன், ஆனால் சாயங்காலத்துக்குள் எட்டு வீட்டில் சொல்லியாயிற்று, அண்ணன் தள்ளாடுறாருன்னு, இருபத்திரண்டு, எட்டு வீட்டுத் துணியும் வேறு கடைக்குப் போயிற்று, இருபத்தாறு, முப்பது வருஷம் மிஷின் மிதித்த முட்டி அது, தொந்தரவு இருக்கு என்று வாய்விட்டுச் சொல்லியிருப்பாரா, வீம்பு பிடித்த மனுஷன்... முப்பது!

கடைசியில் கருவியில் ஊதினேன். "சைபர்க்கா. கெளம்புங்க. இனிமே ரோட்டப் பாத்து ஓட்டுங்க." யாரோ கைதட்டினார்கள். படம் பிடித்தவள் முகம் சப்பென்று ஆகிவிட்டது, பாவம், ஊரெல்லாம் அனுப்ப நினைத்திருப்பாள். மகாராணி மாதிரி ஏறி உட்கார்ந்து, ஹாரனை ஒரு தரம் நீட்டி அடித்து, இரண்டரைக்கே கிளம்பிவிட்டேன், யாருக்கு வரும் இந்தக் கால்! தையல்கார அண்ணனையும் ஊதத்தானே சொல்லியிருப்பார்கள்... அவருக்கு என்ன காட்டியது? தொட்டில் யாருக்கு என்று துடிக்கிறேன், இதைக் கேட்கத் தோன்றவே இல்லையே. இதோ தையல்கடை, தலையைத் திருப்பவில்லை, கண்ணை மட்டும் ஓட்டுகிறேன், மிஷின் ஓடவில்லை, காலை முக்காலிமேல் நீட்டி உட்கார்ந்திருக்கிறார், முட்டியில் சுற்றியிருப்பது வெட்டின துணியா, மருந்துக் கட்டா...